வீட்டுக் கணக்கு: மோட்டார் பாட்டரி வாங்கிய கதை



நம் சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற மாதம் என்னைச் சந்தித்தபோது, "மோட்டார் வண்டிக்குப் பாட்டரி மாற்ற வேண்டுமாம், என்ன ஆகும்? நீங்கள்தான் கணக்கு எழுதுகிறவராயிற்றே!" என்று கேட்டார். அவருக்கு அங்கேயே ஒரு தொகையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால், இந்தப் பாட்டரி விஷயத்தில் நானே ஒரு முறை நன்றாக ஏமாந்தவன். ஏமாந்ததோடு நில்லாமல், அதை வீட்டாரிடம் மறைத்தும் வைத்தவன். "எந்தச் செலவையும் ஒரு வரி எழுதாமல் விடாதீர்கள்" என்று இப்பகுதியில் எத்தனையோ முறை உபதேசம் செய்திருக்கிறேன். உபதேசம் செய்பவன் வழுக்கி விழுந்தால் அதையும் சொல்லிவிடுவதே முறை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் காலத்தில் இக்கதை சிலருக்காவது உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது ஒரு சிறிய பெட்ரோல் வண்டி; பழையதாக வாங்கியது. எங்களோடு வசிக்கும் என் தகப்பனாருக்கு முழங்கால் வலி. ஆட்டோவில் ஏறி இறங்குவது அவருக்குப் பெரும்பாடு. அதற்காகவே கடன் வாங்கி இவ்வண்டியை வாங்கினோம். ஆபீஸுக்கு நான் சைக்கிளில்தான் போகிறேன்.

2025 ஆம் ஆண்டு மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். வண்டியைக் குடியிருப்பின் வாசலில் திறந்த வெளியிலே நிறுத்திவிட்டு, 25 நாள் அதை மறந்தே போனோம். நாகபுரி வெயிலைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 45 பாகையைத் தொடுவது நமக்குப் புதிதன்று. மனிதருக்குக் கூலர் உண்டு, ஈரத்துண்டு உண்டு, வெங்காயம் உண்டு. வாசலில் நின்ற வண்டிக்கு என்ன உண்டு?

திரும்பி வந்த மறுநாள் காலை ஏழு மணிக்குத் தகப்பனாருக்குக் கண் புரை அறுவை. ஆறரை மணிக்கு அவரை மெல்ல அழைத்து வந்து வண்டியில் அமர்த்தினேன். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் எழவில்லை. மீண்டும் திருப்பினேன், அந்த ஓசையும் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னேன். தள்ளியும் பயனில்லை. கடிகாரமோ ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். தகப்பனார் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தவாறு ஏறினார். போக 180 ரூபாய், வர 180 ரூபாய். இறைவன் அருளால் அறுவை நல்லபடி முடிந்தது.

அன்று பிற்பகலே, ஆபீஸ் நண்பர் ஒருவர் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்து, வீடு தேடி வரும் மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். அவர் பானட்டைத் திறந்து, மீட்டரைத் தொட்டுப் பார்த்து, "சாப், இது செத்துவிட்டது. புதிது போட வேண்டும். 4,800 ரூபாய். என்னிடமே இருக்கிறது" என்றார். எனக்கு இரவெல்லாம் ரயில் பிரயாணக் களைப்பு, காலையில் பட்ட அவமானம் வேறு. "போடு" என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் போட்டார். வண்டி கிளம்பியது. பில் கேட்டேன், "நாளை அனுப்புகிறேன்" என்றார். பழைய பாட்டரியைத் தூக்கித் தம் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டார். அதற்கு ஒரு விலை உண்டு என்பது அப்போது என் நினைவுக்கே வரவில்லை. நாளை வந்தது, மறுநாளும் வந்தது, பில் வரவில்லை.

அந்த 4,800 ரூபாயை எங்கிருந்து எடுத்தேன் என்பதுதான் இக்கதையில் எனக்கு மிகவும் வெட்கம் தருவது. விதர்ப்பத்தில் பள்ளிகள் ஜூன் மாதக் கடைசியில் திறக்கின்றன. மகளின் புத்தகம், சீருடை, காலணி ஆகியவற்றுக்காக என் மனைவி பீரோவில் ஓர் உறையில் 6,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள். அந்த உறையிலிருந்து எடுத்தேன். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்பது நினைப்பு. கணக்குப் புத்தகத்தில் 'வண்டிச் செலவு, சில்லறை' என்று மட்டும் எழுதி, தொகைக்கு எதிரே இடம் விட்டேன். கணக்கில் இடம் விடுவது எதற்கு என்பது கணக்கெழுதும் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள். தகப்பனாரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பும் வழியில், அஜ்னி பாலத்துக்கு அருகே சிக்னலில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். புதுப் பாட்டரி போட்ட வண்டி! பின்னால் நூறு ஹாரன் ஒலி. தகப்பனார் கறுப்புக் கண்ணாடியோடு பின்னிருக்கையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இருவர் இரங்கி வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். அவர்களில் ஒருவர், "அந்தச் சந்தில் ஒரு கிழவர் இருக்கிறார். மோட்டார் மின்சார வேலையெல்லாம் செய்வார்" என்று வழி காட்டினார்.

அந்த மிஸ்திரிக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். வாங்கும்போது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று கேட்டார். ஊருக்குப் போகுமுன் டாஷ்போர்டில் சிறிய சிவப்பு விளக்கு ஏதாவது எரிந்ததா என்றும் கேட்டார். எரிந்தது உண்மை. பாட்டரியின் படம் போட்ட சிறு விளக்கு இரண்டு மூன்று நாள் மினுக்கியது. பிறகு தானே அணைந்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன்.

மிஸ்திரி தம்மிடமிருந்த வேறொரு பாட்டரியின் துணைகொண்டு எஞ்சினைக் கிளப்பி, மீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டிய மீட்டர் 12.3 காட்டியது. அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "பாவூ, பாட்டரி என்பது மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டி. தொட்டி காலியாக இருந்தால் தொட்டியை மாற்றுவார்களா? பம்பு தண்ணீர் ஏற்றுகிறதா என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்?"

வண்டியின் பம்பு எது? ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி. எஞ்சின் ஓடும்போது ஒரு பெல்ட் இதைச் சுழற்றுகிறது. இது தரும் மின்சாரமே விளக்குக்கும் விசிறிக்கும் போய், எஞ்சியது பாட்டரியில் ஏறுகிறது. எங்கள் வண்டியில் இதன் உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துபோய், சில வேளை மின்சாரம் தந்தும் சில வேளை தராமலும் இருந்தன. ஆகவே புதுப் பாட்டரியும் ஒன்பதே நாளில் வற்றிவிட்டது.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் ரயில்வேயில் வேலை பார்ப்பவன். பழைய வகை ரயில் பெட்டிகளின் அடியில் தொங்கும் பாட்டரிப் பெட்டிகளை நாள்தோறும் காண்கிறேன். வண்டி ஓடும்போது சக்கர அச்சோடு இணைந்த பெல்ட் மின்னாக்கியைச் சுழற்ற, அது பாட்டரிகளை நிரப்புகிறது; வண்டி நிலையத்தில் நிற்கும்போது அந்தப் பாட்டரிகளே விளக்கும் விசிறியும் நடத்துகின்றன. மோட்டாருக்கு 12 வோல்ட், ரயில் பெட்டிக்கு 110 வோல்ட். தத்துவம் ஒன்றே. எழுதுமேஜையில் அமர்ந்தவனுக்கு இது தெரிந்தும் தெரியாததாக ஆயிற்று.

பிரஷ் மாற்றிப் பழுது நீக்க 1,400 ரூபாய். பாட்டரியை ஓர் இரவு சார்ஜ் செய்ய 150 ரூபாய். இப்போது மொத்தக் கணக்கைப் பாருங்கள். பாட்டரி 4,800, ஆட்டோ 360, பழுது 1,400, சார்ஜ் 150. ஆக 6,710 ரூபாய்.

முதல் நாளே இந்த மிஸ்திரியிடம் போயிருந்தால்? வீட்டுக்குத் திரும்பிப் பீரோவைத் துழாவினேன். பழைய பாட்டரி வாங்கி 20 மாதமே ஆகியிருந்தது. அதன் கியாரண்டிச் சீட்டு ரயில்வே பாஸ்களுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. முதல் 24 மாதத்தில் பழுதானால் இலவசமாக வேறு கொடுப்பது, அடுத்த 24 மாதத்தில் விலையில் கழிவு கொடுப்பது என்று அதில் கண்டிருந்தது. ஆகையால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

முதலாவது, அந்தப் பாட்டரி வெறுமனே வற்றியிருக்கலாம். அப்படியானால் சார்ஜும் ஆல்டர்னேட்டர் பழுதும் சேர்த்து 1,550 ரூபாயோடு தீர்ந்திருக்கும். இரண்டாவது, அதன் உள்ளேயே குறை இருந்திருக்கலாம். அப்படியானால் சீட்டைக் காட்டி இலவசமாக வேறு பெற்றிருப்பேன். மூன்றாவது, நாள்பட வற்றிக் கிடந்ததால் கெட்டே போயிருக்கலாம். அதற்குக் கியாரண்டி பேசாது. புதிதுதான் வாங்க வேண்டும். அப்போதும் முறையான கடையில் அன்றைய விலை, வரி உள்பட, 4,480 ரூபாய். பழையதைக் கொடுத்தால் 700 ரூபாய் கழிப்பதாகப் பிற்பாடு விசாரித்தபோது சொன்னார்கள். ஆக 3,780. பில்லும் உண்டு, புதுச் சீட்டும் உண்டு. இதிலும் எனக்கு 1,020 ரூபாய் மிச்சமாகியிருக்கும். இம்மூன்றில் எது என்று இன்று எவராலும் சொல்ல இயலாது. சோதிக்காமலே அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

நிற்க. அன்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாட்டரி மாற்ற என்ன செலவு ஆகும்?

விலையை நிர்ணயிப்பவை மூன்று: கொள்ளளவு, வகை, கியாரண்டிக் காலம். நம்மில் பலர் வைத்திருக்கும் சிறிய பெட்ரோல் வண்டிகளுக்கு 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு பொதுவானது. பெரிய டீசல் வண்டிகளுக்கு 60 முதல் 80 வரை வேண்டியிருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். சிக்னலில் நிற்கும்போது தானாக எஞ்சினை நிறுத்தி மீண்டும் கிளப்பும் வண்டிகள் இப்போது வருகின்றன. அவற்றுக்கு உழைப்புத் தாங்கும் தனி வகைப் பாட்டரி உண்டு, விலை அதிகம். மலிவு என்று சாதாரண வகையை அதில் மாட்டினால் விரைவில் கெட்டுவிடும். மின்சார மோட்டார் வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. வண்டியை ஓட்டும் பெரிய பாட்டரி தவிர, விளக்கு முதலியவற்றுக்கு 12 வோல்ட் சிறு பாட்டரி ஒன்று அவற்றில் பெரும்பாலானவற்றிலும் இருக்கிறது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது இவ்வகைப் பாட்டரிகளுக்கு நூற்றுக்கு 28 வரி விதிக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. கடைக்காரரின் அடிப்படை விலை 3,500 ரூபாய் என்று கொண்டால், முன்பு வரி 980, மொத்தம் 4,480. இப்போது வரி 630, மொத்தம் 4,130. ஆக 350 ரூபாய் குறைவு. ஆனால் இந்தக் குறைவு பில் வாங்குகிறவனுக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். பில் இல்லாமல் வாங்குகிறவன் விற்பவர் சொன்னதையே விலையென்று ஏற்க வேண்டியதுதான்.

4,130 ரூபாய் பாட்டரி 48 மாதம் உழைத்தால் மாதத்துக்குச் சுமார் 86 ரூபாய். அதே பாட்டரி 20 மாதத்தில் செத்தால் மாதத்துக்கு 206 ரூபாய்க்கு மேல். விலை பேசி 200 ரூபாய் குறைப்பதைவிட, ஆயுளை நீட்டுவதில்தான் லாபம் அதிகம் என்பது இதனால் விளங்கும்.

ஆயுளை எது குறைக்கிறது? இதற்குப் பாட்டரியின் உட்புறத்தைச் சிறிது அறிய வேண்டும். பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே 1859 இல் கண்ட ஈயப் பாட்டரிதான், பல திருத்தங்களோடு, இன்றும் நம் வண்டியில் இருப்பது. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகம் தரும். ஈயத் தகடுகள், ஈய ஆக்ஸைடு தகடுகள், நடுவே கந்தக அமிலம் கலந்த நீர். ஒரு காலத்தில் மோட்டாரைக் கையால் ஹாண்டில் சுற்றித்தான் கிளப்பினார்கள். 1912 இல் அமெரிக்காவில் காடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபிறகே பாட்டரிக்கு இந்தப் பெருமை ஏற்பட்டது.

முதல் எதிரி வெப்பம். வெப்பம் ஏற ஏற உள்ளே நடக்கும் ரசாயன மாற்றம் விரைவுபடுகிறது, தகடுகள் அரிக்கின்றன, நீர் வற்றுகிறது. குளிரில் வண்டி கிளம்பாதபோதுதான் நாம் பாட்டரியைத் திட்டுகிறோம். ஆனால் பெரும்பாலும் அதன் உயிரைக் குடித்தது முந்திய கோடையாகத்தான் இருக்கும்.

இரண்டாம் எதிரி சும்மா கிடத்தல். பூட்டிய வண்டியிலும் கடிகாரம், திருட்டு மணி, கணினி ஆகியவை மின்சாரம் உண்டுகொண்டே இருக்கின்றன. இது சுமார் 30 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி. என் 25 நாள் விடுமுறைக்கு 18 ஆம்பியர்-மணி! 35 உள்ள பாட்டரியில் இது பாதிக்கு மேல். முன்பே அரைகுறையாக நிரம்பியிருந்த பாட்டரி இதைத் தாங்குமா? அன்றியும், வற்றிய நிலையில் நாட்கணக்கில் விட்டால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, பிறகு சார்ஜ் ஏறுவதே கடினமாகிவிடும்.

மூன்றாம் எதிரி குறும்பயணம். காய்கறிக் கடைக்கு ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமே திரும்ப ஏறாது.

ஊருக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வண்டியை நிழலில் நிறுத்துங்கள்; நிழல் இல்லையென்றால் துணி உறை போடுங்கள். புறப்படுமுன் முக்கால் மணி நேரம் ஓட்டிப் பாட்டரியை நிரப்புங்கள். மூன்று வாரத்துக்கு மேல் போவதானால், பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். சில வண்டிகளில் இதனால் கடிகாரமும் ரேடியோவும் நினைவை இழக்கும். ரிமோட் சாவியும் வேலை செய்யாது. ஆகையால் வண்டியோடு வந்த கைப்புத்தகத்தைப் பார்த்துவிட்டே செய்யவும். அல்லது நம்பத்தகுந்த அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒரு முறை அரை மணி ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிடுவதில் பயனில்லை.

300, 400 ரூபாயில் சிறிய மீட்டர் ஒன்று கிடைக்கிறது. நம் குடியிருப்பில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் நிறைகுடம், 12.2 பாதிக் குடம்; 12 என்றால் ஏறக்குறைய வற்றிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குற்றம் பாட்டரியினுடையது அன்று. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், கம்பிகளைக் கழற்றி, வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு துடைத்து, உலர்த்தி, இறுக்கி மாட்டி, வாஸலின் தடவுங்கள். பல 'செத்த' பாட்டரிகள் இதிலேயே பிழைத்திருக்கின்றன. நீர் ஊற்றும் வகையானால் வாலை வடித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். குழாய் நீரும் ஆகாது, அமிலமும் ஆகாது.

கழற்றும்போது நெகடிவ் முதலில், பாஸிடிவ் பிறகு. மாட்டும்போது பாஸிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் நின்று பீடி பற்றவைக்கும் மெக்கானிக்கை அப்பால் போகச் சொல்லுங்கள்.

வாங்கியே தீரவேண்டும் என்றால், முதலில் பழைய சீட்டைத் தேடுங்கள். கடையில் கொள்ளளவு, அளவு, முனைகள் இருக்கும் பக்கம் ஆகியவை பழையதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பாட்டரியின் மேல் குறித்துள்ள உற்பத்தி மாதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருஷம் கடையில் தூங்கியது வேண்டாம். பில்லிலும் சீட்டிலும் தேதி, பாட்டரியின் எண், வண்டியின் எண், கடை முத்திரை நான்கும் இருக்க வேண்டும். '48 மாதம்' என்றால் இலவசம் எத்தனை மாதம், கழிவு எத்தனை மாதம் என்று பிரித்துக் கேளுங்கள்.

பழைய பாட்டரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிறிய பாட்டரியே சுமார் பத்துக் கிலோ எடை இருக்கும். அதில் பாதிக்கு மேல் ஈயம். அதனால்தான் அதற்கு விலை. விற்பவரே பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2001 ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2022 இல் வந்த புதிய விதிகள், பழையவற்றைச் சேகரித்து முறைப்படி உருக்கச் செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்தன. தெருவில் வரும் கபாடிக்காரர் ஐம்பது ரூபாய் அதிகம் தரலாம். ஆனால் அது எங்கோ ஓர் ஓரத்தில் உடைக்கப்பட்டு, திறந்த அடுப்பில் உருக்கப்பட்டால், அந்தப் புகையும் தூசியும் அங்குள்ள குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். என் பழைய பாட்டரி எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. 700 ரூபாய் போனதைவிட இது சில இரவுகளில் அதிகம் உறுத்துகிறது.

இனி வீட்டுக் கதையை முடிக்கிறேன். அஜ்னியிலிருந்து திரும்பிய அன்று மாலை, தகப்பனார் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் இளமையில் கும்பகோணத்தில் ஒரு மளிகைக் கடையில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர். "தம்பி, கண்ணாடி போட்டிருந்தாலும் காது கேட்கிறது. அந்த மிஸ்திரியிடம் பேசியதைக் கேட்டேன். அவளிடம் சொல்லிவிட்டாயா?" என்றார். இல்லை என்றேன். "பணம் போனால் உழைத்துச் சம்பாதிக்கலாம். கணக்கில் இடம் விட்டால், அதை நிரப்பப் பிறகு பொய்தான் எழுத வேண்டிவரும். இன்றைக்கே எழுதிவிடு" என்றார்.

எழுதினேன். 6,710 ரூபாயை இனம் இனமாக எழுதி, புத்தகத்தை மனைவியிடம் நீட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். "உறையில் 1,200 தான் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஒன்பது நாள் காத்திருந்தேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

புத்தகச் செலவுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் ஒரு வகுப்பு மேலே படிக்கும் பெண் இருக்கிறாள். அவளுடைய புத்தகங்களை அவள் தாயார் தாமே கொண்டுவந்து கொடுத்தார். சீருடையை ஒன்றுக்குப் பதில் அரை அங்குலம் தையல் பிரித்து நீட்டினோம். காலணி ஜூலைச் சம்பளத்தில் வந்தது. மகளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தாளோ என்னவோ.

இப்போது எங்கள் வீட்டில் புதிய ஏற்பாடு ஒன்று. மாதம் 100 ரூபாய் 'வண்டி' என்று எழுதிய தனி உறையில் விழுகிறது. பாட்டரிக்கு அது போதும். பில் இல்லாத அந்தப் பாட்டரி இன்றும் ஓடுகிறது; எத்தனை நாள் ஓடுமோ! ஆனால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கினால், இப்போது என்னைவிட முன்னதாக என் மகள் பார்த்துச் சொல்லிவிடுகிறாள்.

ஊருக்குப் போகும் அன்பர்கள் எல்லோரும் சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்புக. புறப்படுமுன் நெகடிவ் கம்பியை மறக்க வேண்டாம். அடுத்த இதழில், கூலரின் மின்சாரச் செலவைப் பற்றிப் பேசுவோம்.